படவில்லை யாருக்காக?



தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் கணினியின் துணையால் படவில்லைகளைத் தாமே ஆக்கி, அவற்றைத் திரையில் வீழ்த்தி, அவையோர்முன் நின்று உரையாற்றும் காலம் இது. அறிவியல் விழா, புத்தாக்கப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என எங்கு நோக்கினும் மேசைமேல் ஒரு படவீழ்த்தி அமர்ந்திருக்கிறது. பெற்றோருள் பலர் தம் பள்ளி நாளில் கண்டிராத வாய்ப்பு இது. இதனைக் கண்டு மகிழும் நாம், இதனோடு சேர்ந்து வளர்ந்துவிட்ட குறை ஒன்றையும் கண்டு வருகிறோம். அதனை எடுத்துக் கூறி, நீக்கும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு பெற்றோர் நாளன்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஏடிஸ் கொசுவைப் பற்றி உரையாற்றினாள். அவள் ஆக்கியிருந்த வில்லைகள் 27. எழுத்துகள் இடப்புறமிருந்து பறந்து வந்தன. சில சுழன்று நின்றன. ஒவ்வொரு வில்லை மாறும்போதும் கைதட்டும் ஓசை ஒன்று எழுந்தது. மாணவியோ நமக்கு முதுகு காட்டி, திரையில் இருந்ததை ஒரு சொல்லும் விடாது படித்து முடித்தாள். அனைவரும் கைதட்டினோம். கூட்டம் கலைந்தபோது, ஐம்பது வயதைக் கடந்தும் நாள்தோறும் பால்வெட்டுக்குச் செல்லும் அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து, "புள்ள தடங்கலில்லாமல் நல்லாப் படிச்சுச்சு சார். ஆனா எதப் பத்திப் படிச்சுச்சு?" என்று கேட்டார்.

நாம் விடை கூற இயலாது நின்றோம். அன்று மாலை அந்த வில்லைகளை மீண்டும் பார்த்தோம். பத்தொன்பதாம் வில்லையில், ஆறாவது வரியில், மிகச் சிறிய எழுத்தில், "பயன்படுத்தாத பால் மங்குகளைக் கவிழ்த்து வைத்தல்" என்றிருந்தது. அந்த அம்மையார் அன்று காலையிலும் பல நூறு மங்குகளைத் தொட்டுவிட்டு வந்தவர். அவையில் இருந்தோருள் அச்செய்தி எவருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அது போய்ச் சேரவில்லை. குற்றம் அச்சிறுமியுடையதன்று. படவில்லை யாருக்காக என்பதை அவளுக்கு நாம் கற்பிக்கவில்லை.

பேசுவோர் தாம் மறவாதிருக்க எழுதிவைக்கும் ஏடு வேறு; கேட்போர் கண்டு விளங்கிக்கொள்ள வைக்கும் படம் வேறு. முன்னது கையில் இருக்க வேண்டும். பின்னதே திரையில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கியதனாலேயே பெரும்பாலான உரைகள் கெடுகின்றன.

ஒளிகொண்டு சுவரில் படம் வீழ்த்தும் கலை புதியதன்று. ஆலந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஐகன்சு 1659-ஆம் ஆண்டளவில் விளக்கொளியும் வில்லைக் கண்ணாடியும் கொண்டு படம் காட்டும் கருவியை அமைத்தார். கண்ணாடித் தகட்டில் வரைந்த படத்தை அக்கருவி சுவரில் பெரிதாக்கிக் காட்டியது. பின்னர்ப் புகைப்படச் சுருள் வந்தது. கோடாக் நிறுவனம் 1961-இல் வட்டத் தட்டில் வில்லைகளை அடுக்கிச் சுழற்றும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, 2004-இல் அத்தகைய கருவிகளைச் செய்வதை நிறுத்திக்கொண்டது.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் கைக்கு எட்டியது மேல்நிலைப் படவீழ்த்தி. கண்ணாடிப் பரப்பின்மேல் ஒளிபுகு தாளை வைத்து, அதில் மைக்கோலால் எழுதினால், எழுத்து தலைக்குமேல் சென்று பின்சுவரில் விழும். தாள் ஒன்றின் விலையை எண்ணி எண்ணி எழுதிய காலம் அது. ஒரு தாளை வீணாக்கினால் அடுத்த தாளுக்குக் கைப்பணம் செல்லும். ஆகவே எழுதுமுன் பலமுறை எண்ணினோம். இன்று வில்லைக்கு விலையில்லை. 27 ஆனாலும் 72 ஆனாலும் செலவு ஒன்றே. சிந்தனை குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

பவர்பாயிண்ட் என்னும் மென்பொருளும் அந்த ஒளிபுகு தாளுக்காகவே பிறந்தது என்பதைப் பலர் அறியார். கலிபோர்னியாவிலிருந்த ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் இராபர்ட் காசுகின்சு, டென்னிசு ஆசுடின் ஆகியோர் அதனை உருவாக்கினர். 1987-இல் மெக்கிண்டாசு கணினிக்கென வெளிவந்த முதற்பதிப்பு கறுப்பு வெள்ளையில் பக்கங்களை ஆக்கித் தந்தது. அவற்றை அச்சிட்டு மேல்நிலைப் படவீழ்த்தியில் வைத்துக் காட்டினர். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1 கோடியே 40 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு அதனை வாங்கியது. விண்டோஸ் கணினிக்குரிய பதிப்பு 1990-இல் வந்தது.

ஒளிபுகு தாள் மறைந்தாலும் அதனோடு பயின்ற நுட்பங்களுள் இரண்டு இன்றும் பயன்தருவன. ஒன்று, எழுதியதை வெள்ளைத் தாளால் மூடி, பேசப் பேச ஒவ்வொரு வரியாகத் திறந்து காட்டுதல். முழுவதையும் ஒருங்கே காட்டினால் அவையோர் நம் சொல்லைக் கேளாது முன்னே ஓடிப் படித்துவிடுவர். மற்றொன்று, ஒரு தாளின்மேல் மற்றொரு தாளை அடுக்குதல். முதல் தாளில் மரம், இரண்டாம் தாளில் வேர், மூன்றாம் தாளில் நீர் செல்லும் வழி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், சிக்கலான படமும் கண்முன்னே வளரும். கணினியில் அசைவூட்டம் என்று கூறுவதன் உண்மைப் பயன் இவ்விரண்டே. எழுத்து பறப்பதும் சுழல்வதும் கண்ணைப் பறிக்குமேயன்றிக் கருத்தைத் தாரா.

பெரியோரும் இத்தவற்றைச் செய்வர்

சிறுவர் செய்யும் தவறு என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. உலகின் மிகச் சிறந்த பொறியியலாளரிடையேயும் இது நிகழ்ந்திருக்கிறது.

2003 ஜனவரி 16-ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் எழுவருடன் புறப்பட்டது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். புறப்பட்ட 82-ஆவது வினாடியளவில், வெளிப்புற எரிபொருள் கலத்திலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து, ஓடத்தின் இடச் சிறகில் மோதியது. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருக்கையில், அம்மோதலால் ஊறு நேர்ந்திருக்குமா எனப் பொறியியலாளர் கணக்கிட்டு, தம் முடிவுகளைப் படவில்லைகளாக மேலதிகாரிகளுக்கு அளித்தனர்.

அவற்றுள் ஒரு வில்லை பின்னர்ப் பெயர்பெற்றது. அதன் தலைப்பு, சோதனைகளின்படி அஞ்சத்தக்கது இல்லை என்னும் எண்ணத்தைத் தருவதாக அமைந்திருந்தது. அதன் கீழே வரிக்குள் வரி, அதற்குள்ளும் வரி எனப் படிப்படியாக எழுத்து சிறுத்துச் சென்றது. 'குறிப்பிடத்தக்க' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் 5 இடங்களில், வெவ்வேறு பொருளில் வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், உண்மையில் மோதிய துண்டின் பருமன் 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம் என்றிருந்தது. மாணவர்களே, 1920-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். 640 வரும். தாம் சோதித்ததைப்போல் 640 மடங்கு பெரிய பொருள் சிறகில் மோதியிருக்கிறது! தலைப்பில் நின்றிருக்க வேண்டிய செய்தி அடிவரியில் ஒளிந்துகிடந்தது.

பிப்ரவரி முதல் நாள் பூமிக்குத் திரும்புகையில், பழுதுற்ற சிறகு வழியே வெப்பம் புகுந்து, டெக்சசு மாநிலத்தின்மேல் ஓடம் சிதறியது. எழுவரும் மாண்டனர். அழிவுக்குக் காரணம் நுரைத்துண்டேயன்றிப் படவில்லையன்று. ஆயினும் 2003 ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த வில்லையை எடுத்துக்காட்டி, முறையான அறிக்கைக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தது. அவ்வில்லையை வரிவரியாக ஆராய்ந்தவர் ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு டஃப்டி.

நமது மாணவியின் பத்தொன்பதாம் வில்லையும் அதே பிழையைக் கொண்டிருந்தது. 'தடுப்பு முறைகள்' என்பது அதன் தலைப்பு. எதனை, எவர், எங்கே தடுப்பது என்பது ஆறாவது வரியில். 'தடுப்பு முறைகள்' என்பது செய்தியன்று. ஒரு பெட்டியின் பெயர். "கவிழ்க்காத மங்கு கொசு வளர்க்கும்" என்பது செய்தி. ஒவ்வொரு வில்லைக்கும் இவ்வாறு ஒரு முழு வாக்கியத்தைத் தலைப்பாக இடும்படி இவ்வாண்டு மாணவரைப் பழக்கி வருகிறோம். முதலில் இது கடினமாகவே தோன்றியது. வாக்கியம் எழுத வேண்டுமாயின், தாம் என்ன சொல்ல வருகிறோம் என்பது தமக்கே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? சில பிள்ளைகள் அரைமணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தனர். அந்த அரைமணியே இப்பயிற்சியின் பயன் என்று நாம் கருதுகிறோம்.

திரையில் உள்ளதை அப்படியே வாசித்தல் ஏன் தீது என்பதையும் அறிதல் நலம். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலுள்ள பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராயும் ரிச்சர்டு மேயர் என்னும் அறிஞர் இதுபற்றிப் பல சோதனைகள் நிகழ்த்தியிருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் கற்போர் நன்கு கற்கின்றனர். அதே விளக்கத்தைத் திரையிலும் எழுத்தாக இட்டுவிட்டால் கற்றல் குறைகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. கண் எழுத்தைத் தொடர, காது பேச்சைத் தொடர, இரண்டும் ஒரே மொழியறிவை வேண்டி ஒன்றையொன்று இடிக்கின்றன. பழக்கமில்லாத மொழியில் கேட்போருக்கு மட்டும் அருஞ்சொற்களைத் திரையில் எழுதிக் காட்டுவது துணையாகும். நம் பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உரையாற்றும்போது இதனை நினைவிற் கொள்ளலாம். ஒரு சொல், இரு சொல் போதும், பத்தி வேண்டா.

தமிழ் எழுத்தும் திரையும்

ஆங்கிலத்தில் கூறப்படும் அளவுகளை அப்படியே தமிழுக்குக் கொள்ளுதல் பொருந்தாது என்பது நம் பட்டறிவு. கை கவாசாகி என்னும் அமெரிக்கர் 2005-இல் கூறிய விதி ஒன்று பரவலாக அறியப்பட்டது: வில்லைகள் 10, நேரம் 20 நிமிடம், எழுத்து 30 புள்ளிக்குக் குறையாமை. தமிழுக்கு 30 புள்ளி போதாது. 'கி', 'கீ' இரண்டையும் வேறுபடுத்துவது ஒரு சிறு சுழி. 'ன', 'ண' இரண்டையும் வேறுபடுத்துவதும் ஒரு சுழியே. மெய்யெழுத்தின் உயிர்நிலை அதன் தலைமேலுள்ள புள்ளி. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு முதலில் மறைவது அதுதான். புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். தடித்த எழுத்தில் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். ஆகவே தலைப்புக்கு 44 புள்ளி, மற்றவற்றுக்கு 36 புள்ளி என்று நமது பள்ளியில் வைத்திருக்கிறோம். மேலே 'கி'யின் கொக்கியும் கீழே 'மூ'வின் வாலும் மோதிக்கொள்ளாதிருக்க வரிக்கு வரி இடைவெளியும் சற்றுக் கூடுதலாக விடுகிறோம்.

எழுத்து போதிய அளவினதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நமது மண்டபத்தில் திரையின் அகலம் 6 அடி. கடைசி வரிசை 36 அடித் தொலைவில் உள்ளது. அஃதாவது திரையின் அகலத்தைப்போல் 6 மடங்கு. மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ 1 அடி. எனவே கணினியை மேசைமேல் வைத்துவிட்டு 6 அடி பின்னே சென்று நின்று படியுங்கள். அங்கிருந்து படிக்க இயலாதது கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் தெரியாது. கணக்குப் பாடத்தில் விகிதம் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு இதுவே விடை.

முன்னாளில் வேறொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்ததால், ஒரு கணினியில் தமிழாக இருந்தது மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகிவிடும். போட்டி மண்டபத்தில் இதனால் கண்கலங்கி நின்ற பிள்ளைகளை நாம் கண்டதுண்டு. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. நாளடைவில் எல்லாக் கணினிகளும் அதனை ஏற்றன. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும் தமிழில் எழுதுவதை எளிதாக்கின. இன்று கைப்பேசியிலும் தமிழ் எழுதலாம். எனினும் அழகிய எழுத்துரு ஒன்றைத் தேடிப் பயன்படுத்தினால், அது போட்டி நடக்கும் இடத்துக் கணினியில் இராது. எழுத்து வேறு வடிவுற்று வரிகள் சிதறும். எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துப் பதியும் வசதி பவர்பாயிண்டில் உண்டு. பிடிஎஃப் படி ஒன்றையும் எடுத்துச் செல்லுதல் இன்னும் பாதுகாப்பு.

வண்ணத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. நமது மண்டபம் இருபுறமும் திறந்தது. பகல் வெளிச்சம் புகும். ஆதலின் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு அல்லது கருநீல எழுத்தே தெளிவாகத் தெரியும். பச்சையின்மேல் சிவப்பு எழுதுவதை அறவே விடுக. அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் எந்த அவையிலும் இருக்கக்கூடும்.

ஆக்கும் முறை

படவில்லை ஆக்கத் தொடங்குவோர் கணினியைத் திறத்தல் கூடாது. ஒரு வெள்ளைத் தாளை மும்முறை மடித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியம், அதற்குரிய ஒரு கிறுக்கல் படம். எட்டுக் கட்டமும் நிரம்பிய பின், வரிசையை மாற்றிப் பாருங்கள், வேண்டாததை அடியுங்கள். ஐந்து நிமிட உரைக்கு ஐந்து கட்டம் மிஞ்சினால் நன்று. கணினி அதன் பிறகே.

கருவிகளைத் தேர்வதில் தயக்கம் வேண்டா. பவர்பாயிண்ட் இல்லாத வீட்டில் லிபர் ஆபீசு என்னும் கட்டணமற்ற மென்பொருளிலுள்ள இம்பிரெசு அதே பணியைச் செய்யும். கூகிள் சிலைட்சு இணையத்தில் இயங்குவது. ஒரு குழுவின் நால்வர் நான்கு வீடுகளிலிருந்து ஒரே கோப்பில் எழுதலாம். கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கைக் கொண்டே மாணவர் இதனைத் திறக்க இயலும். ஆஸ்திரேலியாவில் 2013-இல் தொடங்கிய கேன்வா அழகிய வார்ப்புகளைத் தருகிறது. பிள்ளைகள் அதனைப் பெரிதும் விரும்புகின்றனர். நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. வார்ப்பிலுள்ள பூவும் கொடியும் இடத்தை அடைத்துக்கொண்டு, சொல்லவந்ததை மூலைக்குத் தள்ளிவிடுகின்றன. ஆயினும் பூவையும் கொடியையும் நீக்கிவிட்டுப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைக்கு அதுவும் நற்கருவியே.

படங்களுக்காக இணையத்தைத் துழாவுமுன் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். அந்த மாணவியின் வில்லைகளில் இருந்த கொசு எங்கோ எவரோ எடுத்த படம். பூச்சாடியும் மாடிவீட்டின் வடிகாலும் எங்கோ உள்ள நகரத்தவை. நம் லயத்துக்குப் பின்னாலேயே மழைநீர் நின்ற வாளியும் பழைய டயரும் மங்கும் இருக்க, அயலாருடைய வடிகால் எதற்கு? தந்தையின் கைப்பேசியால் எடுத்த ஒரு படம், பார்ப்போரை "இது நம் வீட்டுப் பின்புறமாயிற்றே!" என்று நிமிர்ந்து உட்கார வைக்கும். பிறர் படத்தைக் கேளாது எடுத்தல் முறையன்று என்பது ஒருபுறம் இருக்க, பயன் கருதியும் நம் படமே சிறந்தது.

எண்களைக் காட்டுவதிலும் இதே கருத்தைக் கொள்க. ஒரு மாணவி 40 மங்குகளைப் பார்வையிட்டு, 10-இல் கொசுப்புழு கண்டாள் என்று வைத்துக்கொள்வோம். இதனை அட்டவணையாக்கி, விழுக்காடு கணித்து, முப்பரிமாண வட்டப்படமாக வரைவதே பிள்ளைகளின் வழக்கம். 40 சிறு மங்குகளை வரிசையாக வரைந்து, அவற்றுள் பத்துக்கு மட்டும் கறுப்பு மையிட்டால், எழுத்தறியாதவரும் ஒரு நொடியில் அறிவர். நான்கு மங்குக்கு ஒன்று என்று சொல்லவும் வேண்டா.

நிற்பதும் பேசுவதும்

எத்துணைச் சிறந்த வில்லையும் தானே பேசாது. அவையோர் பார்வையில் திரைக்கு இடப்புறம் நில்லுங்கள். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய கண் முதலில் பேசுபவரைக் கண்டு, பிறகு திரைக்குச் செல்லும். திரையைக் காட்ட வேண்டின் ஒருமுறை திரும்பிக் காட்டுங்கள், காட்டும்போது பேசாதீர்கள், மீண்டும் அவையை நோக்கிய பின் பேசுங்கள். செவ்வொளிக் குறிகாட்டி சிறுவர் கையில் நடுங்கும். ஒரு நீண்ட குச்சி நடுங்காது.

பலரும் அறியாத வசதி ஒன்று உண்டு. வில்லை ஓடிக்கொண்டிருக்கையில் விசைப்பலகையில் ஆங்கில 'பி' எழுத்தை அழுத்தினால் திரை இருண்டுவிடும். மீண்டும் அழுத்தினால் படம் திரும்பும். விசைப்பலகை அப்போது தமிழில் அல்லாது ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். கதை ஒன்றைக் கூறும்போதோ, கையில் ஒரு பொருளைக் காட்டும்போதோ திரையை இருட்டாக்கிவிட்டால், அவையோர் கண் அனைத்தும் பேசும் பிள்ளையின் மேல் வந்து குவியும். முதன்முறை இதனைச் செய்த மாணவன் ஒருவன் அஞ்சிவிட்டான். அத்துணைக் கண்களை அவன் அதற்குமுன் எதிர்கொண்டதில்லை.

கையில் பொருள் என்றதும் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆன்சு ரோசுலிங் நினைவுக்கு வருகிறார். உலக மக்களின் வாழ்நாளும் வருமானமும் ஆண்டுதோறும் மாறுவதைத் திரையில் மிதந்து நகரும் வண்ணக் குமிழிகளாகக் காட்டி, 2006-இல் ஆற்றிய உரையால் உலகப் புகழ் பெற்றவர் அவர். அத்தகைய திரைப்படம் கைவசம் இருந்தும், மக்கள்தொகை வளர்ச்சியை விளக்க 2010-இல் அவர் மேடைக்குக் கொண்டுவந்தவை ஐக்கியா கடையின் சேமிப்புப் பெட்டிகள். ஒரு பெட்டி நூறு கோடி மக்களுக்கு ஈடு என்று அடுக்கிக் காட்டினார். 2017-இல் மறைந்த அவருடைய உரைகளை இணையத்தில் இன்றும் காணலாம். பார்க்கையில் அவர் திரையை ஒருபோதும் வாசிக்கவில்லை என்பதைக் கவனிப்பீர்களாக.

மின்சாரம் தடைப்படலாம், தகரக் கூரைமேல் மழை அடித்தால் ஒலிபெருக்கியும் தோற்கும். மழைக்குப் பொறுத்திருங்கள். மின்சாரத்துக்கு, எட்டுக் கட்டத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும். படவில்லை இன்றியும் சொல்லத்தக்க உரையே படவில்லையோடும் நன்றாக அமையும்.

பெற்றோர்களே, கணினியை அறியாததால் இதில் தங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்க வேண்டா. பிள்ளையின் முதல் அவையோர் தாங்களே. வேலை முடிந்து வந்து இளைப்பாறும் வேளையில் பிள்ளையை எதிரே நிறுத்தி, படம் எதுவுமின்றி, என்ன சொல்லப் போகிறாய் என்று கேளுங்கள். தங்களுக்கு விளங்காத இடத்தில் "விளங்கவில்லை" என்று தயங்காது கூறுங்கள். அறிவியல் ஆசிரியரும் நடுவரும் அதனைக் கூற மாட்டார்கள். அவர்களுக்கு முன்பே விடை தெரியும். தாங்கள் கூறும் அந்த ஒரு சொல், எங்கள் திருத்தங்கள் பத்தினும் பயனுடையது.

இவ்வாண்டு பெற்றோர் நாளில் அதே மாணவி மீண்டும் உரையாற்றினாள். வில்லைகள் ஆறு. முதல் வில்லையில் அவள் வீட்டருகே எடுத்த மழைநீர் நின்ற மங்கின் படம். அதன் தலைப்பாக, "இம்மங்கு கொசு வளர்க்கிறது" என்னும் வாக்கியம். நீரில் முட்டை பொரித்து, புழுவாகி, கூடாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதை ஒரே படத்தில் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து காட்டினாள். பிறகு திரையை இருட்டாக்கி, பையிலிருந்து உண்மையான மங்கு ஒன்றை எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். நடுவில் ஒருமுறை சொல் மறந்து நின்றாள். தாளைப் பார்த்துத் தொடர்ந்தாள். அவையில் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து அந்த அம்மையார் எழுந்தார். "வெட்டு நிறுத்தின மரத்து மங்கு சரிம்மா. தினம் வெட்டுற மரத்து மங்குல மழைத்தண்ணி நின்னா என்ன செய்யறது?" என்று கேட்டார். மாணவி சற்று எண்ணி, ஒவ்வொரு நாளும் வெட்டும் மரமாயின் பால் எடுத்தபின் மங்கை வழித்துக் கவிழ்க்கலாம் என்றும், மழைக்காலத்தில் வெட்டு பல நாள் தடைப்படும்போதே அச்சம் மிகுதி என்றும் விடை கூறினாள். அதன்பின் பால்வெட்டு அனுபவமுடைய மூவர் எழுந்து தம்முள் வாதிடலாயினர். நிகழ்ச்சி நிரலில் குறித்த நேரத்தைக் கடந்து இருபது நிமிடம் சென்றது. அடுத்துவந்த நடன நிகழ்ச்சியைச் சுருக்க நேர்ந்தது. நடனமாட வந்த பிள்ளைகள் நம்மை மன்னிப்பார்களாக.

பள்ளியின் படவீழ்த்தி அலுவலக அலமாரியில் உள்ளது. புதன்கிழமைகளில் பள்ளி முடிந்தபின் மண்டபத்தில் பயிற்சி நடைபெறும். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள மாணவர் எவரும் வரலாம். வருவோர் முதல் நாள் கணினி கொண்டுவர வேண்டா. மடித்த தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும் கொண்டுவந்தால் போதும்.